அடக்கிய இருமல்

பிப்ரவரி 3

அன்புள்ள சகோதரிக்கு,

வணக்கம். நாம் இதுவரை பேசிக்கொண்டதில்லை. உங்கள் அப்பா இருக்கும் மருத்துவமனையில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. என் அறைக் கதவில் ‘ஆறுதல் பிரிவு’ என்று எழுதியிருக்கும். வார்டில் என்னைப் பேச்சுக்கார அம்மா என்பார்கள். பெயர்தான் அப்படி. பெரும்பாலும் அவர்கள் பேசுவார்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். மருந்துக்கும் ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அதற்கு அப்பால் ஒருவர் மனதில் என்ன ஓடுகிறது, யாரைப் பார்க்க ஏங்குகிறார், பிரார்த்தனை வேண்டுமா, வேண்டாமா, யார் மேலாவது தீராத கோபமா என்றெல்லாம் கேட்க ஓர் ஆள் வேண்டுமல்லவா? அதற்காக என்னை வைத்திருக்கிறார்கள்.

தினமும் மாலை உங்கள் பிரார்த்தனைக் குழுவினர் அப்பாவின் படுக்கையைச் சுற்றி நின்று பிரார்த்தனை செய்வதும், நீங்கள் ஃபோன் வழியாக அதில் சேர்ந்துகொள்வதும் எனக்குத் தெரியும். இந்த வாரத்திலிருந்து அதை நிறுத்தியிருக்கிறோம். ஒரே அறையில் நான்கு பேர் இருக்கிறார்கள், மற்றவர்களுக்கு ஓய்வு வேண்டியிருக்கிறது. இது என் முடிவு. குழுவில் யாரையும் தவறாக நினைக்க வேண்டாம்.

அப்பா வழக்கம்போல் இருக்கிறார். நேற்று எங்கள் லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. சத்தத்தைக் கேட்டே, “கதவுல ஏதோ சிக்கியிருக்கு, பாக்கச் சொல்லுங்க” என்று படுக்கையிலிருந்தே சொல்லியனுப்பினார். கதவில் ஒன்றும் இல்லை, மின்சாரம்தான் போயிருந்தது. “ரிட்டயரான லிஃப்ட் மெக்கானிக் பேச்சக் கேட்டா இப்படித்தான்” என்று அவரே சிரித்துக்கொண்டார்.

இப்படிக்கு,
ஆறுதல் பிரிவிலிருந்து


பிப்ரவரி 5

அம்மையாருக்கு,

உங்கள் கடிதம் மின்னஞ்சலில் கிடைத்தது. ஃபோனில் பேசினால் கத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

பிரார்த்தனையை நிறுத்துவதற்காகவா உங்களுக்கு அறையும் நாற்காலியும் கொடுத்து ஆறுதல் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள்? என் அப்பா முப்பது வருடமாக அந்தக் குழுவை நடத்துபவர். அம்மா போன பிறகு என்னை வளர்த்ததே அவர்கள்தான். நான் ஸ்கூல் விட்டு வரும்போது அப்பா ஏதாவது கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இருப்பார். எனக்குக் கதவைத் திறந்துவிடுவது குழுவில் ஒருவரான குடை மாமாதான். வெயிலோ மழையோ கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. இன்று அதே மாமாவை வார்டு வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினீர்களாம்.

எனக்கு இங்கே செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. உங்களுக்கு மாலை என்றால் எனக்கு மதியம். சாப்பாட்டு இடைவேளையில் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து, கையில் ஒட்டிய பல் அச்சு மாவைக்கூடக் கழுவாமல் ஃபோனைக் காதில் வைத்துக்கொள்வேன். மாமா ஃபோனை அப்பாவின் தலையணைமேல் வைப்பார். அந்தக் கொஞ்ச நேரம் நானும் அந்த அறையில் இருப்பேன். முடிவில் எல்லோர் குரலுக்கும் மேலே அப்பா “அப்படியே ஆகட்டும்” என்பார். தெளிவாக இருக்கும், ஓர் இருமல்கூட இருக்காது. அவர் தேறி வருகிறார் என்று அதை வைத்துத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் கிளம்பி வர முடியாது. தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கிறது. இப்போது வெளியேறினால் திரும்ப வேலைக்கு வர வழியில்லை. இருந்த ஒரே வழியையும் நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

உங்கள் நிர்வாகத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். மறைக்க விரும்பவில்லை.

அவருடைய மகள்


பிப்ரவரி 9

அன்புள்ள சகோதரிக்கு,

நிர்வாகத்தில் கூப்பிட்டு விசாரித்தார்கள். புகாரில் இருந்த எதையும் நான் மறுக்கவில்லை. நீங்கள் எழுதியதில் தவறில்லை. ஆனால் நான் எழுதியதில் ஒரு தவறு இருந்தது. அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லாமல் இருந்தது. இப்போது கிடைத்திருக்கிறது.

புகார் விஷயம் நர்ஸ் மூலமாக அப்பா காதுக்குப் போய்விட்டது. என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“என் பொண்ணு உங்க மேல புகார் குடுத்திருக்காளாமே?”

“ஆமா.”

“நான்தான் நிறுத்தச் சொன்னேன்னு நீங்க எழுதலயா?”

“எழுதக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“நான் ஆயிரம் சொல்வேன். அதுக்காக நீங்க திட்டு வாங்கணுமா?” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “எழுதிடுங்க. எல்லாத்தையும் எழுதிடுங்க. அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வராது.”

அதனால் எழுதுகிறேன். நின்றுகொண்டு படிக்கிறீர்கள் என்றால் தயவுசெய்து உட்காருங்கள்.

போன மாதக் கடைசியில் ஒருநாள் குழுவினர் போன பிறகு அப்பா என் புடவைத் தலைப்பைப் பிடித்து நிறுத்தினார். “இவங்கள வர வேணாம்னு சொல்ல முடியுமா? நான் சொன்னதா தெரியக் கூடாது” என்றார். ஏன் என்று கேட்டேன்.

“எழுந்துருவீங்க, எழுந்துருவீங்கன்னு சொல்றாங்க. எழுந்திருக்க மாட்டேன்னு டாக்டர் என்கிட்ட சொல்லிட்டாரு. அவங்கல்லாம் கண்ண மூடினதும் நான் கண்ணத் தொறந்து ஒவ்வொரு மூஞ்சியா பாத்துட்டு இருப்பேன். அத்தன பேர் சுத்தி நிக்கிறப்ப தனியா இருக்கற மாதிரி நான் எப்பவும் தனியா இருந்ததில்லம்மா. லிஃப்ட் குழியில மாட்டிக்கிட்டாலும் கத்தலாம். இங்க கத்த முடியல.”

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபோன் தலையணைமேல் இருக்கும்வரை அவர் போர்வையின் நுனியைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொள்வார். உங்களுக்கு இருமல் கேட்கக் கூடாதாம். “அப்படியே ஆகட்டும்” சொல்லும்போது மட்டும் போர்வையை எடுப்பார். கூட்டம் கலைந்த பிறகு அடக்கிய இருமலெல்லாம் சேர்ந்து வரும். ஒவ்வொரு முறையும் நர்ஸ் ஓடிவந்து ஆக்ஸிஜனைக் கூட்ட வேண்டியிருக்கும். அவர் நுரையீரல் இருக்கும் நிலையில் அது அவருக்குப் பெரிய பாடு.

கடவுள் நம்பிக்கை போய்விட்டதா என்று கேட்டேன். “போகல. பேச்சுவார்த்தை இல்ல, அவ்வளவுதான்” என்றார்.

இப்படிக்கு,
பேச்சுக்கார அம்மா


பிப்ரவரி 16

அம்மா,

உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று ஒருவருக்கு முழுப் பல்வரிசை அடுக்கிக்கொண்டிருந்தேன். மேல் வரிசையைக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர், “இதப் போட்டுக்கிட்டா அந்த மனுஷன் தலைகீழா நின்னுதான் சாப்பிடணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

டாக்டர் எனக்கு ஏன் சொல்லவில்லை என்று முதலில் கோபப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர் கூப்பிட்டபோதெல்லாம் பேச்சை முடிக்கவிடாமல், “கடவுள் இருக்காரு டாக்டர்” என்று சொன்னது நான்தான். அதற்குமேல் அவர் என்ன சொல்வார்?

பிரார்த்தனை இல்லாமல் அப்பாவோடு பேச எனக்குத் தெரியாது. இது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பேசியதுதான். கணக்குப் பரீட்சையில் நான் ஃபெயிலானதை அப்பாவிடம் சொல்லவில்லை. ராத்திரி பிரார்த்தனையில் கடவுளிடம் சொல்வதுபோல, அவர் காதில் விழும்படி சொன்னேன். அப்புறம் அப்பா, “கடவுளே, இவளுக்குக் கணக்கு வரலைன்னா பரவாயில்ல. சாப்பிடாமப் படுக்க வேணாம்னு சொல்லுங்க” என்றார். வேலைக்காக இவ்வளவு தூரம் வருகிறேன் என்பதையும் அப்படித்தான் சொன்னேன். அவர் பதிலும் அப்படித்தான் வந்தது.

இப்போது நடுவில் கடவுள் இல்லை. அப்பாவுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்கிறீர்கள். நான் யார் வழியாகப் பேசுவேன்?

இங்கே என்னை ‘வாலு’ என்று கூப்பிட ஒருவரும் இல்லை. அப்பா கூப்பிடும் பெயர் அது. இந்த இரண்டு வாரமாக அந்தப் பெயரைக் கேட்கவில்லை. இடைவேளையில் இப்போதும் படிக்கட்டுக்குத்தான் போகிறேன். ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?

மகள்


பிப்ரவரி 18

அன்புள்ள தங்கைக்கு,

இப்படிக் கூப்பிடலாம் என்று நினைக்கிறேன். எனக்கு உங்களைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும்.

உங்கள் கடிதத்தை அச்சடித்து எடுத்துப்போய் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தலைகீழாக நின்று சாப்பிடும் ஆளைக் கேட்டு இருமல் வரும்வரை சிரித்தார். கணக்குப் பரீட்சை வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் மடித்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் ரேடியோவை நிறுத்தினார்.

“அவளையே பேசச் சொல்லுங்க” என்றார் கடைசியில். “என்ன பேசறதுன்னு தெரியலன்னா பேச வேணாம். சும்மா லைன்ல இருக்கட்டும். நான் இருமுவேன், அத மட்டும் பொறுத்துக்கச் சொல்லுங்க.” இனி அந்த நேரத்துக்கு என் ஃபோனை அவரிடம் கொடுக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அதை யார் படுக்கைக்கும் எடுத்துப்போவதில்லை. படுக்கையில் இருப்பவரின் நம்பிக்கை எதுவோ அதற்குத்தான் அங்கே இடம். பிரார்த்தனை வேண்டும் என்பவருக்கு அவர் கேட்கும் ஆளை அழைத்துவருகிறேன். வேண்டாம் என்பவருக்காக வாசலில் காவல் நிற்கிறேன். சிலர் பாட்டுக் கேட்கிறார்கள். ஒரு பெண் தன் வீட்டு நாயைக் காட்டச் சொன்னாள். ஜன்னலுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினோம்.

இந்த வேலைக்கு முன்னால் இதே மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்டு மெஷின் வைத்தார்கள். வீட்டுக்குப் போ என்று சொல்லாமல் பயிற்சி கொடுத்து இங்கே உட்காரவைத்தார்கள். அப்போதும் இணைப்பைக் கொடுத்ததும் ரிசீவரை என் காதிலிருந்து எடுத்துவிட வேண்டும். அந்தப் பக்கம் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை. அன்றன்று பார்த்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துக்கொண்டு படுப்பேன். என் பிரார்த்தனை அவ்வளவுதான். அந்தப் பக்கம் யாராவது எடுத்துக் கேட்கிறார்களா என்று இதிலும் எனக்குத் தெரிந்ததில்லை.

குடை மாமா தினமும் வருகிறார். மேலே வருவதில்லை. கீழே காத்திருக்கும் கூடத்தில் குடையை முழங்கால்களுக்கு நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போகிறார். அவருக்கு உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். “வேணாம். அவன் தாங்க மாட்டான். என்னப் பாத்துத்தான் அவன் தைரியமா இருக்கான்” என்றார். அதனால் மாமாவின் கண்ணுக்கு இன்னும் நான்தான் வில்லி. பரவாயில்லை.

அக்கா


பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் நாள் நாங்கள் பேசியதை நீங்கள் கேட்டிருந்தால் சிரித்திருப்பீர்கள். “சாப்டீங்களா?” “சாப்டேன். நீ?” “சாப்டேன்.” அதோடு தீர்ந்தது. பிறகு அவர் இருமத் தொடங்கினார். அப்படி ஓர் இருமலை நான் கேட்டதே இல்லை. எங்கோ கல்லை இழுப்பதுபோல் இருந்தது. ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிடத் தோன்றியது. எடுக்கவில்லை. இடைவேளை முழுக்க அதைத்தான் கேட்டேன். வைக்கும்போது, “நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். பண்றியா?” என்றார். “பண்றேன்” என்றேன்.

மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் என்று நினைக்கிறேன், எனக்கே தெரியாமல் கேட்டுவிட்டேன்.

“அப்பா, பயமா இருக்கா?”

“இருக்கு.”

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. மூடாத லிஃப்ட் குழிக்குள் டார்ச்சோடு இறங்குகிறவர். அம்மாவை எடுத்துப்போன அன்றுகூட நிமிர்ந்து நின்றவர்.

“உனக்கு?” என்றார்.

“எனக்கும்தான்.”

“சரி. அப்ப ரெண்டு பேரும் பயப்படலாம்” என்றார், ஏதோ சேர்ந்து கடைக்குப் போகலாம் என்பதுபோல.

அக்கா, அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். மேலே போகிறவர்கள் காலை ஒதுக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் வேலைக்குத் திரும்பி அடுக்கிய வரிசையில் ஒரு பல்கூடத் தவறவில்லை. இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. அவர் தேறிவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்த மாதமெல்லாம் அடுக்கியதையே கலைத்துக் கலைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் என்னென்னவோ கேட்கிறார். பல்லுக்கு நிறம் எப்படிப் பார்க்கிறீர்கள், ஒருவர் பல்செட் இன்னொருவருக்குச் சேருமா, இதெல்லாம். “எனக்கும் ஒரு செட்டு அனுப்பேன். போறப்ப நல்லா சிரிச்ச மாதிரி போலாம்” என்றார் நேற்று. நான் திட்டினேன். “வாலு, இதுக்குக்கூட சிரிக்கலன்னா எப்படி” என்றார்.

அனுமதிப் பத்திரம் இன்னும் வரவில்லை. தினமும் கேட்கிறேன். தினமும் அடுத்த வாரம் என்கிறார்கள். இந்த ஓர் ஆசையை மட்டும் கடவுளிடம் கேட்கலாமா என்று பார்த்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

வாலு


மார்ச் 8

அன்புள்ள வாலுவுக்கு,

கடைசி நாட்களை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தீர்கள். ஃபோனில் நீங்கள் கேட்டது பாதிதான். கண்ணால் பார்த்த மீதியை எழுதுகிறேன்.

முந்தின நாள் காலையில் போனபோது கொஞ்சம் தெளிவாக இருந்தார். சாய்ந்து உட்காரவைத்திருந்தார்கள்.

“நேத்து பேசினேன்” என்றார்.

“பொண்ணுகிட்டயா?”

இல்லை என்று தலையசைத்துவிட்டுத் தாடையை மேலே தூக்கிக் காட்டினார்.

“என்ன சொன்னீங்க?”

“திட்டினேன். நல்லா திட்டினேன்.”

“அவரு?”

“கேட்டுக்கிட்டாரு. உங்கள மாதிரிதான். பதிலே பேசல.” அதற்கே மூச்சு வாங்கியது. ஆனால் முகத்தில் பல நாளாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் முகம்போல. சமாதானம் ஆகிவிட்டார் என்று நான் சொல்லமாட்டேன். பேச்சு ஆரம்பித்துவிட்டது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மறுநாள் மதியத்துக்கு மேல் மூச்சு மாறிவிட்டது. நர்ஸ் உங்களைக் கூப்பிடச் சொன்னார். ஃபோனை நான் அவர் காதோடு பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் “அப்பா, அப்பா” என்றீர்கள். பிறகு அழுதீர்கள். பிறகு நீங்களாகவே, உங்கள் கூடத்தில் மாவு குழைப்பதையும் அது இறுகும்போது கையில் சூடு தெரிவதையும் சொல்லத் தொடங்கினீர்கள். ஏன் அதைச் சொன்னீர்கள் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. அது நல்ல பேச்சு. “வாலு பேசறா” என்று அவருடைய மறு காதில் நான் சொன்னேன். கண் திறக்கவில்லை. புருவம் இரண்டும் உயர்ந்தன. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, இரண்டு மூச்சுக்கு நடுவில் இருந்த இடைவெளி நீண்டுகொண்டே போய், அடுத்த மூச்சு வரவில்லை. டாக்டர் வந்து பார்த்துத் தலையசைக்கும்வரை உங்களை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்காக மன்னியுங்கள்.

போர்வை இடுப்புவரைதான் இருந்தது. நீங்கள் இருவரும் பேசத் தொடங்கிய பிறகு அவர் அதை வாய்க்குக் கொண்டுபோனதே இல்லை.

கீழே குடை மாமாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். என்னைப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். எழுந்து நின்றார், திரும்ப உட்கார்ந்தார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நடந்ததை யாரிடமாவது சொல்லலாம்போல் இருந்தது. யாரும் இல்லாததால் உங்களுக்கு எழுதுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் ஊரில், அப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அனுமதி போன வாரம் வந்தது. பத்திரத்தை நீட்டிய பெண், “இனி எப்ப வேணா போயிட்டு வரலாம்” என்று சிரித்தாள். நன்றி சொன்னேன்.

நேற்று மருத்துவமனைக்கு வந்தேன். நீங்கள் திங்கள்வரை லீவு என்றார்கள். அந்த அறை வாசல்வரை போனேன். அப்பா படுக்கையில் வேறொருவர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “யாரப் பாக்கணும்?” என்று கேட்டார். யாரையும் இல்லை என்று திரும்பிவிட்டேன். ஒரே ஊரில் இருந்தும் உங்கள் முகத்தைப் பார்க்காமல் போகிறேன். நாளை எனக்கு விமானம். இதற்குமேல் விடுப்பு தரவில்லை.

எழுதுவதற்குக் காரணம் வேறு.

இன்று மாலை குழுவினர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அப்பா இடத்தில் நின்று என்னைப் பிரார்த்தனையை நடத்தச் சொன்னார்கள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். எனக்குக் கண் மூட வரவில்லை. அப்பா சொன்னதுபோல் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் என்னைத் தூக்கி வளர்த்த முகங்கள். “அப்பா கடைசில ரொம்ப பயந்தாரு” என்று சொல்லிவிட்டேன். “அத உங்ககிட்ட சொல்றதுக்கு அதவிட பயந்தாரு.”

ஓர் அத்தை, “அந்த மனுஷனப் பத்தி இப்படிப் பேசலாமாடி?” என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். குடை மாமா மட்டும் எழுந்திருக்கவில்லை. தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே” என்றார். “அவன் முன்னாடி நின்னு எழுந்துருவ, எழுந்துருவன்னு சொன்னேனே, அவனுக்கா சொன்னேன்? எனக்குச் சொல்லிக்கிட்டேன்மா.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை காத்திருந்தேன். உங்களிடம் கற்றுக்கொண்டதுதான்.

“அடுத்த வாரம் எனக்கு நெஞ்சத் தொறந்து ஆபரேஷன்” என்றார். “யாருக்கும் சொல்லல. சொன்னா சுத்தி வந்து நின்னுடுவாங்க. தைரியமா இருங்கம்பாங்க. நானே எத்தன பேருக்குச் சொல்லியிருக்கேன்.”

“பயமா இருக்கா மாமா?” என்று கேட்டேன்.

அழுதார். இந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. விளக்குப் போட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தோம். நாங்கள் பிரார்த்தனை செய்தோமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அக்கா, அவருக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஆபரேஷன் உங்கள் மருத்துவமனையில்தான். செவ்வாய்க்கிழமை சேருகிறார். நான் அப்போது படிக்கட்டில் இருப்பேன். நீங்கள் அவரைப் போய்ப் பார்க்க வேண்டும். வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பியவர் என்ற கோபம் அவருக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. முதலில் முகம் கொடுத்துப் பேசமாட்டார். எப்படி இருக்கீங்க என்று கேட்டால், “கடவுள் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல” என்பார். அதை நம்பி எழுந்து போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள்.

உங்கள் தங்கை